பிள்ளை முன்போல் இல்லையா? பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை முன்போல் இல்லை என்று மனதுக்குப் பட்டும், யாரிடம் போய் என்னவென்று சொல்வது எனத் தெரியாமல் நிற்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்தே எல்லாம் சொல்லியிருக்கிறேன். என் மகனுக்குப் பதினோரு வயதில் வந்தது பதற்ற நோய் என்று தெரிவதற்குள் வயிற்று ஸ்கேன், கண் பரிசோதனை, டியூஷன் மாற்றம், மந்திரித்த கயிறு என்று பல வாசல்களை ஏறி இறங்கினோம். ஓரிடத்தில் பழைய சீட்டு எங்கே என்றார்கள், இன்னோரிடத்தில் எப்போது தொடங்கியது என்றார்கள். இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை. அந்த அலைச்சலில் அவனுடைய ஆறாம் வகுப்பில் பெரும்பகுதி போய்விட்டது.

நோயா, சேட்டையா, வயதுக் கோளாறா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைப் பெற்றோர் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை. மாற்றத்தைக் கவனித்து, தேதி போட்டு எழுதி, சரியான ஆளிடம் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். அதற்கான படிகளே கீழே இருப்பவை.

1. இன்றே போக வேண்டிய நிலையா என்று பாருங்கள்

சாவதைப் பற்றிப் பேசுவது அல்லது எழுதுவது. தன்னைக் கீறிக்கொள்வது, வெட்டிக்கொள்வது. ஆசையாக வைத்திருந்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு விடைபெறுவதுபோல் நடந்துகொள்வது. யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறது என்பது. நாள் கணக்கில் உண்ணாமல், உறங்காமல் இருப்பது. தன்னையோ தம்பி தங்கையையோ காயப்படுத்தும் அளவுக்கு ஆவேசம். இவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற படிகளை விட்டுவிட்டு உடனே கிளம்புங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு இரவு பகலாக இயங்குகிறது. 108-ஐ அழைக்கலாம். போய்ச் சேரும்வரை பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, எலிமருந்து, தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பா எல்லாவற்றையும் வீட்டைவிட்டே அகற்றுங்கள். பூட்டி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

"செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்தவர்களாகிவிடுவோமோ என்று பலர் வாய் திறப்பதில்லை. கேட்பதால் அந்த நினைப்பு வருவதில்லை. யாராவது கேட்டார்களே என்று பிள்ளைக்கு ஆறுதலே உண்டாகும். இன்னொரு பயம், போலீஸ் வழக்கு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. வழக்குக்குப் பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

போன் எண்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. சென்னை ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையம் 044-24640050. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

2. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ காட்டித் தராத விஷயம் இது. மனநல மருத்துவர் நம்பியிருப்பது நாம் சொல்லும் கதையைத்தான். அந்த அறைக்குள் போய் உட்கார்ந்ததும் நமக்குப் பாதி மறந்துவிடுகிறது, மீதியை அழுகை விழுங்கிவிடுகிறது.

ஒவ்வொரு நாளும் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: தேதியும் நேரமும், என்ன நடந்தது, அதற்குச் சற்று முன் என்ன நடந்துகொண்டிருந்தது, எவ்வளவு நேரம் நீடித்து எப்படி அடங்கியது. உங்கள் கருத்தை எழுத வேண்டாம், கண்ணால் கண்டதை எழுதுங்கள். "ரொம்ப அடம்" என்று எழுதினால் மருத்துவருக்கு அதில் எதுவும் இல்லை. "திங்கள், காலை 7:40. ஷூ போடும்போது வயிறு வலிக்கிறது என்றான். ஒருமுறை வாந்தி. பள்ளி வேன் போன பிறகு ஒன்பது மணிக்குள் சரியாகிவிட்டது. சனி, ஞாயிறு வலி இல்லை." என்று எழுதினால் அதைப் படித்தவுடனேயே மருத்துவர் எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். எங்கள் நோட்டில் இப்படிப்பட்ட வரிகள் சேர்ந்த பிறகுதான் வலி வயிற்றில் தொடங்கவில்லை என்பது எங்களுக்கே புரிந்தது.

தூங்கிய நேரமும் விழித்த நேரமும் தினமும் வேண்டும். சாப்பாடு, குளியல், விளையாட்டு, நண்பர்கள் வந்து போனது ஆகியவற்றில் மாற்றம் இருந்தால் மட்டும் எழுதினால் போதும். கண் சிமிட்டல், தோள் குலுக்கல், திடீரென வெறித்துப் பார்ப்பது போன்றவற்றை வார்த்தையில் சொல்வது கடினம். பிள்ளை கூனிக் குறுகாத வகையில் சில விநாடி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அதை மருத்துவரைத் தவிர யாருக்கும் அனுப்பாதீர்கள், குறிப்பாகக் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு.

கடைசிப் பக்கத்தில் கடந்த ஓராண்டில் வீட்டில் நடந்ததையெல்லாம் பட்டியலிடுங்கள். வீடு மாறியது, பள்ளி மாறியது, பாட்டி இறந்தது, தம்பி பிறந்தது, மகள் பெரியவளானது, கடன், கணவன் மனைவி சண்டை, அப்பாவின் குடி. கடைசி இரண்டையும் எழுதக் கை வராது. ஆனால் பிள்ளையின் தூக்கம் கெடுவதற்கும் அந்த இரவுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதால் அவற்றை விட்டுவிட்டு எழுதும் குறிப்பு அரைக் குறிப்புத்தான்.

இரண்டு வாரக் குறிப்பு போதும். இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று மாதக் கணக்கில் எழுதிக்கொண்டே இருக்காதீர்கள்.

3. எதைக் கண்டால் போக வேண்டும்

எல்லாப் பிள்ளைகளும் அடம் பிடிக்கிறார்கள், பொய் சொல்கிறார்கள், கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பிறர் வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். உங்கள் பிள்ளையை அவன் முன்பு இருந்த நிலையோடு ஒப்பிடுங்கள். மாற்றம் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கிறதா? வீடு, பள்ளி, விளையாட்டு என ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிகிறதா? முன்பு செய்துகொண்டிருந்த எதையாவது அது நிறுத்திவிட்டதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தள்ளிப்போட வேண்டாம். ஓரிடத்தில் மட்டும் தெரிந்தாலும் சும்மா இருந்துவிடக் கூடாது, அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சிலவற்றைச் சொல்கிறேன்.

மனச்சோர்வு என்றால் அழுதுகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறோம். பிள்ளைகளிடம் அது பெரும்பாலும் எரிச்சலாக வருகிறது. எதற்கெடுத்தாலும் சீறுவது, பிடித்த விளையாட்டைக்கூட வேண்டாம் என்பது. வீட்டார் அதைத் திமிர் என்று பெயரிட்டுவிடுவார்கள்.

வீட்டில் வாய் ஓயாமல் பேசும் குழந்தை பள்ளியில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் அதைக் கூச்சம் என்று விட்டுவிடக் கூடாது. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கை கழுவிக்கொண்டே இருப்பது, பூட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, ஒரு எழுத்தை அழித்து அழித்து எழுதுவது. இதைச் சுத்தம், ஒழுங்கு என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. நிறுத்தச் சொன்னால் பிள்ளை துடித்துப்போகிறதா என்று கவனியுங்கள்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் திடீரென ஒரு நாள் வருவதல்ல. அதன் அடையாளங்கள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீட்டிலும் பள்ளியிலும் தெரிய வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் புதிதாகக் கவனம் சிதறுகிறது என்றால் தூக்கம், பதற்றம், மனச்சோர்வு, கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளாவது போன்ற வேறு காரணங்களைத்தான் முதலில் தேட வேண்டும்.

போன் விஷயத்தில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். "எல்லாம் அந்த போனால் வந்தது" என்று சொல்லும்போது விசாரணை அங்கேயே முடிந்துவிடுகிறது. தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போன் பார்ப்பது கெடுதல்தான். ஆனால் வகுப்பில் ஒதுக்கப்பட்ட பிள்ளை, மனம் சோர்ந்த பிள்ளை, ஒளிந்துகொள்ளப் போகும் இடமும் அதுவாக இருக்கலாம். எது முதலில் வந்தது என்று நோட்டில் தேதி பார்த்தால் தெரியும்.

அமைதியான பிள்ளைகளைப் பற்றியும் கவலைப்படுங்கள். ரகளை செய்யும் பையனைப் பள்ளியே அனுப்பி வைத்துவிடும். யாருக்கும் தொந்தரவு தராமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை.

4. குழந்தைநல மருத்துவரிடம் உடல் காரணங்களைக் கேளுங்கள்

மனநல மருத்துவரும் இதைத்தான் முதலில் கேட்பார் என்பதால் முன்பே முடித்துவிடலாம். இரத்தசோகை, தைராய்டு, பார்வை, காது ஆகிய நான்கும் படிப்பையும் மனநிலையையும் கெடுக்கக்கூடியவை. இரவில் குறட்டை விட்டு வாயால் மூச்சு விடும் பிள்ளை பகலில் கவனமில்லாமல் இருப்பதற்கு மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு வீக்கம் காரணமாக இருக்கலாம். பேச்சின் நடுவே சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டுத் தொடர்வது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், அதற்கு மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி. எடுப்பார்கள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ வலிப்பு மருந்தோ எடுத்துக்கொள்ளும் பிள்ளை என்றால் சொல்ல மறக்காதீர்கள். அவற்றில் சில எரிச்சலையும் தூக்கமின்மையையும் உண்டாக்கும்.

படுக்கையில் சிறுநீர் போவதை நிறுத்திப் பல மாதங்கள் ஆன பிள்ளை மறுபடி போகத் தொடங்கினால் மனக்காரணம் இருக்கலாம். ஆனால் கூடவே அதிகத் தாகமும் உடல் மெலிவும் இருந்தால் அன்றே சர்க்கரை பார்த்துவிடுங்கள். குழந்தைகளுக்கு வரும் முதல்வகை நீரிழிவு அப்படித்தான் தொடங்கும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

இந்தப் படியில் ஒரு பொறி இருக்கிறது. எல்லா ரிப்போர்ட்டும் சரியாக இருக்கிறது என்றதும், "அப்படியென்றால் நடிக்கிறான்" என்று சிலர் முடிவு கட்டுவார்கள். வேறு சிலர் இன்னொரு ஸ்கேனுக்கு ஓடுவார்கள். பதற்றத்தால் வரும் வயிற்றுவலி உண்மையான வலி. பிள்ளை பொய் சொல்லவில்லை. அடிப்படைப் பரிசோதனைகள் சரியாக இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

5. பள்ளியிடம் பேசுங்கள்

வகுப்பு ஆசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். பெற்றோர் கூட்டம் நடக்கும் நாளில் வேண்டாம், அன்று அவருக்கும் நேரம் இருக்காது, சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள். நோய் என்ற சொல்லை எடுக்கத் தேவையில்லை. "கொஞ்ச நாளாக வீட்டில் இப்படி இருக்கிறான், வகுப்பில் எப்படி இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வந்தேன்" என்று தொடங்குங்கள். யாரோடு உட்காருகிறான், இடைவேளையில் தனியாக இருக்கிறானா, எந்தப் பாடவேளையில் கழிப்பறைக்குப் போகக் கேட்கிறான் என்ற கேள்விகளுக்கு ஆசிரியரிடம் பதில் இருக்கும். முடிந்தால் அரைப் பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாள் மருத்துவரிடம் பெரிதும் உதவும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு, மாணவரை அடிப்பதையும் மன உளைச்சலுக்கு ஆளாக்குவதையும் தடை செய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்று 16-ஆவது பிரிவு சொல்கிறது. "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வாய்மொழியாகச் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தர மாட்டார்கள். பிரச்சினை தொடர்ந்தால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுக்கலாம், கல்வித் துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளில் இந்தச் சட்டத்தைக் காட்டுவதில் சிக்கல் உண்டு என்பதால் அங்கே பேச்சுவார்த்தையே வழி.

ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் மட்டும் மிரள்வது, வயதுக்கு மீறிய பாலியல் சொற்கள், உள்ளாடையில் கறை, காரணம் தெரியாத பரிசுப் பொருட்கள். இவை பாலியல் துன்புறுத்தலின் அடையாளங்களாக இருக்கலாம். வேறு விளக்கமும் இருக்கலாம் என்றாலும் அலட்சியம் கூடாது. பிள்ளை ஏதாவது சொன்னால் நம்புகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். துருவித் துருவி, ஒவ்வொரு உறவினர் முன்னாலும் மறுபடி சொல்ல வைக்காதீர்கள். 1098-ஐ அழையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டப்படி இத்தகைய குற்றத்தை அறிந்தவர் புகார் அளித்தே ஆக வேண்டும். மருத்துவருக்கும் பள்ளிக்கும்கூட அந்தக் கடமை உண்டு. பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

6. யாரிடம் போவது

மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர், மருந்து எழுதுபவர். மருத்துவ உளவியலாளர் பரிசோதனைகளும் பேச்சுச் சிகிச்சையும் செய்பவர், மருந்து எழுத மாட்டார். அவரிடம் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். தயங்காமல் கேளுங்கள். ஆலோசகர் என்று பலகை வைத்திருப்பவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள், சில நாள் பயிற்சியோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்பே இருபது அமர்வுக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எங்களிடமும் ஓரிடத்தில் அப்படிக் கேட்டார்கள். பிள்ளைக்கு என்ன என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை, தள்ளுபடி எவ்வளவு என்பது மட்டும் வந்தது.

அரசு வழியில், மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் உண்டு. சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. பேச்சுத் தாமதம், ஆட்டிசம், வளர்ச்சிக் குறைபாடு என்ற சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தைக் கேளுங்கள், அது 18 வயது வரை இலவசம். சிக்கலான நிலைகளுக்கு வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்திலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையிலும் குழந்தைகளுக்கெனத் தனி மனநலப் பிரிவுகள் உள்ளன.

கிளம்புவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். பல மருத்துவமனைகளில் குழந்தைகளுக்கான மனநலப் பிரிவு வாரத்தில் சில கிழமைகளில் மட்டுமே நடக்கும். தவறான கிழமையில் போனால், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்து, "புதன்கிழமை வாருங்கள்" என்ற பதிலோடு திரும்ப வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு பிள்ளையை மறுபடி சம்மதிக்க வைப்பது பெரும்பாடு.

வீட்டில் பெரியவர்கள் மந்திரிக்க வேண்டும், தர்காவுக்கோ கோயிலுக்கோ கூட்டிப் போக வேண்டும் என்பார்கள். அவர்களோடு சண்டை போட்டுச் சக்தியை இழக்காதீர்கள். பிள்ளையை அடிக்காத, கட்டாத, பட்டினி போடாத எதற்கும் போய் வாருங்கள். மருத்துவரைப் பார்க்கும் தேதி மட்டும் தள்ளிப்போகக் கூடாது.

7. கோப்பில் இருக்க வேண்டியவை

- நோட்டுப் புத்தகம், ஆசிரியரின் குறிப்பு
- பிள்ளையின் ஆதார், உங்கள் ஆதார், இரண்டுக்கும் நகல்
- பிறந்தபோது கொடுத்த மருத்துவமனைச் சீட்டு (எடை, குறைமாதம், அழத் தாமதம், காமாலை ஆகிய விவரங்களுக்காக), தடுப்பூசி அட்டை
- எப்போது உட்கார்ந்தது, நடந்தது, பேசியது என்று ஒரு தாளில்
- கடந்த இரண்டாண்டு மதிப்பெண் அட்டைகள், ஒரு பழைய நோட்டு, ஒரு புதிய நோட்டு. கையெழுத்து மாறியிருந்தால் அது பேசும்
- பரிசோதனை முடிவுகள், இப்போது சாப்பிடும் மருந்துகளின் பெயர், அளவு
- இரு பக்கக் குடும்பத்திலும் யாருக்காவது மனநோய், வலிப்பு, தற்கொலை, குடி இருந்ததா என்ற விவரம்

கடைசி விவரத்தை வீட்டில் மறைப்பார்கள். சித்தப்பாவுக்கு என்ன ஆனது என்று மாமியாரிடம் கேட்பது எளிதல்ல. மருத்துவருக்காக மட்டும் என்று சொல்லிக் கேளுங்கள். அசல் எதையும் எங்கும் கொடுத்துவிடாதீர்கள், காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள்.

8. முதல் சந்திப்பு

"மாமா வீட்டுக்குப் போகிறோம்" என்று பொய் சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள். "ராத்திரி தூக்கம் வராமல் கஷ்டப்படுகிறாய் அல்லவா கண்ணா, அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரு டாக்டரிடம் போகிறோம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. உன்னோடு பேசுவார், வரையச் சொல்வார்" என்று முந்தைய நாளே சொல்லுங்கள்.

மருத்துவர் உங்களையும் பிள்ளையையும் தனித்தனியாகப் பார்ப்பார். பிள்ளை உள்ளே பேசியதை வெளியே வந்ததும் விசாரிக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் மருத்துவரே உங்களிடம் சொல்வார். உங்கள் முறை வரும்போது பிள்ளையை வைத்துக்கொண்டு குற்றப் பத்திரிகை வாசிக்காதீர்கள், நோட்டை நீட்டுங்கள். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போவது நல்லது. அம்மா மட்டும் போனால் வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி நிரூபிக்க வேண்டியிருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். என்ன என்று நினைக்கிறீர்கள்? வேறு என்னவாக இருக்கலாம்? மருந்து இல்லாமல் தொடங்க முடியுமா? எத்தனை வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும்? எது நடந்தால் உடனே வர வேண்டும்? முதல் நாளே நோயின் பெயர் கிடைக்காமல் போகலாம். குழந்தைகள் விஷயத்தில் நிதானிக்கும் மருத்துவரைக் குறை சொல்லக் கூடாது. ஐந்து நிமிடத்தில் மூன்று மாத்திரை எழுதி அனுப்பினால்தான் இன்னொரு கருத்தைக் கேட்க வேண்டும். உங்கள் பிள்ளையின் மருத்துவப் பதிவுகளைப் பெற மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமை தருகிறது.

9. செலவும் காலமும்

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டும் மருந்தும் இலவசம். அங்கே செலவாவது நேரம். முழு நாளை ஒதுக்குங்கள், தின்பண்டமும் வரைய ஒரு நோட்டும் கொண்டுபோங்கள். தனியாரில் நான் விசாரித்த இடங்களில் மனநல மருத்துவரைப் பார்க்க ஒரு முறைக்கு 500 முதல் 1,500 ரூபாய் வரை கேட்டார்கள், உளவியலாளரின் ஓர் அமர்வுக்கு 800 முதல் 2,000 வரை. அறிவுத்திறன், கற்றல் குறைபாடு போன்ற முழுப் பரிசோதனைக்குச் சில ஆயிரங்கள் ஆகும். பரிசோதனைக்குப் பணம் கட்டும் முன், எழுத்து அறிக்கை அதில் அடங்குமா, அதில் பதிவு எண்ணோடு கையெழுத்து இருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அறிக்கைக்குத் தனிக் கட்டணம் என்று பிறகு சொல்லும் இடங்கள் உண்டு.

உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் உள்நோயாளிச் செலவை மட்டுமே ஏற்பவை. பிள்ளைகளுக்கான சிகிச்சையோ பெரும்பாலும் வெளிநோயாளியாகத்தான் நடக்கும். எனவே மாதச் செலவைக் கைக்காசாகவே திட்டமிடுங்கள். இரண்டு அமர்வுக்குப் பிறகு பணம் தட்டுப்பட்டு நிறுத்துவதைவிட, தொடக்கத்திலேயே அரசு மருத்துவமனையில் சேர்ந்து தொடர்ச்சியாகப் போவது மேல். பதற்றத்துக்கான பேச்சுச் சிகிச்சைக்கு வாரம் ஒன்றாகச் சில மாதங்கள் ஆகும். பள்ளிக்குத் திரும்புவதைக்கூட முதலில் வாசல் வரை, பிறகு ஒரு பாடவேளை, பிறகு அரைநாள் என்று படிப்படியாகத்தான் செய்வார்கள்.

10. மருந்து எழுதினால்

மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் ஃப்ளூக்ஸெடின் போன்ற மருந்துகள் வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும். முதல் சில வாரங்களில் பரபரப்போ தற்கொலை நினைப்போ கூடுகிறதா என்று உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும், கூடினால் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. கடுமையான கட்டுப்பாட்டில் இருக்கும் மருந்து என்பதால் மருந்துச் சீட்டின் ஒரு பிரதியைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். எங்கே கிடைக்கும் என்று மருத்துவரிடமே கேட்டு, தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். அந்த மருந்தில் பசி குறையலாம் என்பதால் உயரமும் எடையும் அவ்வப்போது பார்க்கச் சொல்வார்கள்.

"மாத்திரை சாப்பிட்டால் பழகிவிடும், படிப்பு மந்தமாகும்" என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு நடுவில் நிறுத்துபவர்கள் அதிகம். நன்றாகிவிட்டது என்று நிறுத்துபவர்களும் அதே அளவு இருக்கிறார்கள். குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் செய்ய வேண்டும். பொதுத்தேர்வு, பள்ளி திறப்பு ஆகிய நாட்களை ஒட்டி நிறுத்தலாமா என்று தனியாகக் கேளுங்கள். எங்கள் மருத்துவர் முழு ஆண்டு விடுமுறைவரை காத்திருக்கச் சொன்னார்.

11. சான்றிதழ் தேவைப்பட்டால்

எல்லாப் பிள்ளைகளுக்கும் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் தேவையில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் ஆகியவை அதில் உண்டு. ஏ.டி.எச்.டி. தனியாக அந்தப் பட்டியலில் இல்லை. தகுதி இருந்தால் ஆதார், புகைப்படம், மருத்துவ ஆவணங்களோடு தேசிய அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், பிறகு மருத்துவக் குழு நேரில் பார்த்துச் சான்றளிக்கும். கட்டணம் இல்லை. "விரைவாக வாங்கித் தருகிறேன்" என்று வருபவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைப் பள்ளி வழியாகத்தான் அரசுத் தேர்வுத் துறையிடம் கேட்க வேண்டும். தேர்வு மார்ச்சில் என்று ஜனவரியில் ஓடினால் நடக்காது. கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை, அறிக்கை, மருத்துவக் குழுவின் தேதி, பள்ளியின் கடிதம் ஒவ்வொன்றும் வாரங்களை விழுங்கும். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே பரிசோதனையை முடித்துவிட்டு, பத்தாம் வகுப்பு தொடங்கிய ஜூன் மாதத்திலேயே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் மனு கொடுங்கள். கொடுத்த தேதியோடு முத்திரை வைத்த நகலை வாங்கி அதே கோப்பில் வையுங்கள்.